மின்ட் போட்டாச்சு, அடுத்து என்ன?

வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதற்கு முன்பு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் ‘விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாமா?’ என்று கேட்டன. இப்போது வருபவை ‘போட்டுவிட்டேன், அடுத்து என்ன?’ என்று கேட்கின்றன. பெரும்பாலோர் போட்டிருப்பது லினக்ஸ் மின்ட் 22, சிலர் உபுண்டு 24.04; இரண்டும் லினக்ஸின் வகைகள்தான். அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

ஒரு விஷயம். டெர்மினல் (கட்டளையைத் தட்டி வேலை வாங்கும் ஜன்னல்) கட்டளைகளை அச்சில் போட்டால் ஒரு சிறு கோடு விடுபட்டாலும் உங்கள் மாலைப் பொழுது போய்விடும். அதனால் கூடியவரை மெனு வழியாகவே சொல்கிறேன். திருச்சியில் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் போனில் ‘இடது பக்கம் கீழே பாருங்கள்’ என்று வழி சொல்லிப் பழக்கம். பதில்களும் அந்த நடையில்தான் வரும்.

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். பேரன் தீபாவளி லீவில் வந்து என் கம்ப்யூட்டரில் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். திறந்ததும் ‘வெல்கம்’ என்று ஒரு பெட்டி வருகிறது. அதில் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ பக்கத்தில் வரிசையாகப் பல பொத்தான்கள். எல்லாவற்றையும் அமுக்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேவகோட்டை

வணக்கம் சார். எல்லாம் வேண்டாம். ஆனால் எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன்னால் பேரனுக்கு ஒரு போன் போட்டு, பாஸ்வேர்டு என்னவென்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று பிள்ளைகள் பாஸ்வேர்டு கேட்காமலே திரை திறக்கும்படி வைத்துவிட்டுப் போகிறார்கள். அன்றாடம் அது வசதி. அப்டேட் செய்யவோ புதிதாக எதையாவது சேர்க்கவோ போனால் மின்ட் கட்டாயம் பாஸ்வேர்டு கேட்கும். அப்போது பேரன் மீட்டிங்கில் இருப்பான்.

பாஸ்வேர்டு கையில் வந்ததும் ‘சிஸ்டம் ஸ்னாப்ஷாட்ஸ்’ பொத்தான். அதற்கு மேலே நிறம் மாற்றுவது, பேனலை மாற்றுவது என்று கண்ணைப் பறிப்பவை இருக்கும். அவற்றைத் தாண்டி வந்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் பொத்தானை அமுக்கினால் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் திறக்கும். கம்ப்யூட்டர் இன்றைக்கு இருக்கும் நிலையை அப்படியே பதிவு செய்து வைப்பது அதன் வேலை. நாளை ஒரு அப்டேட்டில் திரை வராமல் போனாலும் இன்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆர்சிங்க், பிடிஆர்எஃப்எஸ் என்று இரண்டு வகை கேட்கும், ஆர்சிங்க் எடுங்கள். எங்கே சேமிக்க என்று கேட்டால் மின்ட் இருக்கும் டிஸ்க்கையே காட்டலாம், இடம் இருந்தால் போதும். முதல் பதிவுக்குச் சில ஜிபி பிடிக்கும். அடுத்தடுத்த பதிவுகள் மாறியதை மட்டுமே சேர்ப்பதால் அவ்வளவு பிடிக்காது. விண்டோஸில் ஃபார்மட் செய்த பென் டிரைவை டைம்ஷிஃப்ட் ஏற்காது, அதற்கு லினக்ஸ் ஃபார்மட் வேண்டும். தினம் ஒரு பதிவு எடுக்கட்டும், கடைசி இரண்டை மட்டும் வைத்திருக்கட்டும் என்று குறித்துவிட்டால் அப்புறம் நீங்கள் அதை மறந்துவிடலாம்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, டைம்ஷிஃப்ட் பதிவது சிஸ்டத்தை மட்டும்தான். உங்கள் போட்டோ, கடிதம், பென்ஷன் காகிதம் எதையும் அது தொடாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சிஸ்டத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது நேற்று எழுதிய கடிதமும் சேர்ந்து பின்னுக்குப் போய்விடக் கூடாதே. ‘அதான் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே’ என்று கல்யாண போட்டோக்களை டிஸ்க்கிலிருந்து அழித்துவிட்டு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. அவற்றைத் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். மெனுவில் ‘பேக்கப் டூல்’ என்று ஒன்றும் இருக்கிறது. பேரன் மின்ட் போடப் பயன்படுத்திய பென் டிரைவையும் அழிக்காமல் மேசை டிராயரில் வையுங்கள். கம்ப்யூட்டர் திறக்கவே மறுத்தால், அந்தப் பென் டிரைவில் துவக்கி அங்கிருந்தே டைம்ஷிஃப்ட்டை ஓட்டலாம்.

அதன் பிறகு அப்டேட் மேனேஜர். ‘உள்ளூர் மிரருக்கு மாறட்டுமா?’ என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அப்டேட் இறங்கும் சர்வர்களை வேகத்தின்படி வரிசைப்படுத்திக் காட்டும், முதலில் இருப்பதை எடுத்தால் போதும். முதல் அப்டேட் பெரிதாக இருக்கும். மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியிருந்தால் ரீஸ்டார்ட் கேட்கும், செய்துவிடுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

டிரைவர் மேனேஜரைத் திறந்து ‘எதுவும் தேவையில்லை’ என்று வந்தால் சந்தோஷமாக மூடிவிடுங்கள். என்விடியா கார்டு இருந்தால் மட்டும் ‘ரெகமெண்டட்’ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சில கம்ப்யூட்டர்களில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இருப்பதால், டிரைவர் போடும்போது ஒரு தற்காலிக பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து அதைத் திருப்பிக் கேட்கும். அதில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நீலத்தைப் பார்த்ததும் பழைய பயத்தில் பவர் பட்டனை அமுக்கிவிடாதீர்கள், இது வேறு நீலம்.

கடைசியாக ஃபயர்வால். ஒரே ஒரு ஸ்விட்ச், ஆன் செய்துவிடுங்கள். அப்புறம் அந்த நிறம், பேனல் எல்லாம் உங்கள் விருப்பம்.

கேள்வி: அக்கா, லேப்டாப்பில் மின்ட் நன்றாக ஓடுகிறது, ஆனால் வைஃபை பட்டியலே வரவில்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

உன் போனில்தான் ஆரம்பிக்க வேண்டும். சார்ஜர் ஒயரால் போனை லேப்டாப்போடு இணைத்துவிட்டு, போன் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே இருக்கும் ‘யூஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய். மின்ட் அதை லேன் ஒயர் என்று நினைத்துக்கொண்டு உடனே நெட்டில் சேர்ந்துவிடும். ஒயர் மட்டும் டேட்டா போகிற ஒயராக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு ஒயரை வைத்துக்கொண்டு பலர் மல்லுக்கட்டுகிறார்கள். அதன் பிறகு டிரைவர் மேனேஜரைத் திற. பழைய லேப்டாப்களில் பிராட்காம் சிப் இருந்தால் அதற்கான டிரைவர் அங்கே பட்டியலில் வரும். தேர்ந்தெடுத்துப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை வந்துவிடும்.

போனில் டேட்டாவும் தீர்ந்துவிட்டதா? மின்ட் போட்ட அதே பென் டிரைவைச் செருகு. டிரைவர் மேனேஜர் அதிலிருந்தே பிராட்காம் டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அக்கா, சி டிரைவ் எங்கே?
– தையல் கடை, கும்பகோணம்

இங்கே அப்படி ஒன்று கிடையாது. ஃபைல்ஸ் திறந்ததும் இடது பக்கத்தில் ‘ஹோம்’ என்று இருக்கும், உங்கள் பொருள் எல்லாம் அதற்குள்தான். பழைய டி டிரைவ் போட்டோக்கள் அழியாமல் இருந்தால் அதே இடது பக்கத்தில் கீழே ‘டிவைசஸ்’ என்ற தலைப்பில், எத்தனை ஜிபி என்ற பெயரோடு இருக்கும். கிளிக் செய்யுங்கள், திறக்கும். பேட்டர்ன் ஃபைல்களின் பெயரில் மட்டும் கவனம்: பெரிய எழுத்தில் பிளவுஸ், சின்ன எழுத்தில் பிளவுஸ் என்று ஆங்கிலத்தில் இரண்டு ஃபைல் வைத்தால் லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். தமிழ்99-இல் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். மின்டில் தமிழ் அடிக்க வழி தெரியவில்லை. பழைய ஃபைல்கள் எல்லாம் பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. பேஜ்மேக்கர், கோரல் டிராவுக்கு என்ன செய்வது?
– சிவகாசி

அண்ணாச்சி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருக்கிறது.

தமிழ்99 மின்டில் அருமையாக வேலை செய்யும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அதே பலகைதான். மின்டின் செட்டிங்கில் கீபோர்டு பக்கத்தில் இந்தியா என்று தேடினாலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று வரும், அதை எடுக்காதீர்கள். அது விசைக்கு விசை எழுத்து மட்டும் தரும், தமிழ்99-இன் சூட்சுமம் அதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி. சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ என்ற பேக்கேஜைத் தேடிப் போடுங்கள். எம், ஒன்று, ஏழு, என். அப்புறம் மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் ‘வரவில்லை’ என்கிறார்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் ‘இன்புட் மெத்தட்’ தாவல், ‘ஆட்’, தமிழ், தமிழ்99. விண்டோஸ் சின்னம் போட்ட விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அமுக்கினால் ஆங்கிலம், தமிழ் மாறும். சோதித்துப் பார்க்க அ, ம, ம, ஆ என்று அடியுங்கள். புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ என்று வந்தால் சரியான பலகைக்கு வந்துவிட்டீர்கள். தட்டச்சு எந்திரப் பழக்கம் உள்ளவர்களுக்கும், ஆங்கில ஒலியில் அடிப்பவர்களுக்கும் அதே பட்டியலில் தனித்தனிப் பலகைகள் உண்டு.

இரண்டாவது, பாமினி. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்கு அது ஆங்கிலமாகத்தான் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, பதற வேண்டாம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து உங்களிடம் இருக்கும் எழுத்துரு ஃபைல்களை எடுத்து வாருங்கள். ஹோமில் கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் அமுக்கினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அங்கே புள்ளியில் தொடங்கும் ‘.ஃபான்ட்ஸ்’ என்ற ஃபோல்டரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் உருவாக்கி, எழுத்துருக்களை அதில் போட்டுவிட்டு லிப்ரே ஆஃபீஸை மூடித் திறங்கள். பழைய வேர்டு ஃபைல்கள் தமிழில் தெரியும்.

ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. அதில் இருக்கும் ஃபைலை எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்த போனிலும் திறக்கலாம், தேடலாம். திரும்ப அச்சுக்கு வரும் ஃபைல்களை மட்டுமாவது மாற்றுங்கள். ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, வானவில் உட்படப் பல பழைய குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவி இருக்கிறது. கடையில் கம்ப்யூட்டர் படித்த பையன் யாராவது இருந்தால் ஒரு மாலையில் ஃபோல்டர் முழுவதையும் மாற்றித் தருவான். மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்; கொம்பும் காலும் இடம் மாறிக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் கெட்டால் உங்களைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது கேள்விக்கு, அச்சகத்தின் ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கட்டும். கோரல் ஃபைலோடு வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடியாது. கோரலுக்குப் பதில் இன்க்ஸ்கேப்பும் பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்கிரைபஸும் நல்ல கருவிகள். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உயிர்மெய் சிதறிப்போகும், 2024 ஜனவரியில் வந்த 1.6-இல் தமிழ் ஒழுங்காக உட்காருகிறது. சாஃப்ட்வேர் மேனேஜரில் போடுவதற்கு முன் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிக்கும் நோட்டீஸ், பில் புத்தகம் போன்றவற்றை அதில் செய்து பழகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை ஒரே நாளில் அதற்கு மாற்றச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: லினக்ஸுக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது?
– பட்டுக்கோட்டை

வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தனியாக எதுவும் வேண்டாம். அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் செய்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

லினக்ஸில் ஆபத்தே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்கும் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த பதிப்பைக் கொடுத்துவிட்டார்கள். மின்ட் குழுவே அதை அறிவித்தது. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் பயங்கரம். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில், நம்பிக்கையான பங்களிப்பாளர்போல் நெடுநாள் வேலை பார்த்த ஒருவர் பின்கதவு வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்திலிருந்து உள்ளே நுழையும் வழி) அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி அதைக் கண்டுபிடித்தார். நாம் வீட்டில் போடும் நிலையான பதிப்புகளுக்கு அது வந்து சேருவதற்கு முன்னாலேயே பிடிபட்டுவிட்டது. அரை வினாடி தாமதத்துக்கெல்லாம் யார் இப்படிக் கவலைப்படுவார்கள்? அவர் பட்டார்.

நமக்கு இதில் வேலை என்னவென்றால், நிரல்களை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து எடுப்பது, வீடியோவில் யாரோ சொன்னார் என்று டெர்மினலில் எதையாவது ஒட்டாமல் இருப்பது. பாஸ்வேர்டோடு ஒட்டிய வரி என்ன வேண்டுமானாலும் செய்யும், அதை ஆன்டிவைரஸ் தடுக்காது.

கேள்வி: அக்கா, ஒரே கணினியில் விண்டோஸ் 11-உம் மின்டும் வைத்திருக்கிறேன். மின்டில் வேலை முடித்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டுது. மதர்போர்ட் பற்றரி போய்விட்டதோ?
– யாழ்ப்பாணம்

பற்றரி நல்லாத்தான் இருக்கிறது, தம்பி. அது போயிருந்தால் வருடமே பின்னால் போயிருக்கும். சரியாக ஐந்தரை மணி என்பதுதான் துப்பு: இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வித்தியாசம் அதுதான். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதி வைக்கும், திரையில் காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதே கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று அப்படியே படிக்கும். இரண்டும் தன் வழக்கப்படி சரியாகத்தான் நடக்கின்றன, சண்டை உங்கள் திரையில்.

யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். லினக்ஸை இறங்கி வரச் சொல்வது சுலபம். இதற்கு மட்டும் டெர்மினல் தேவை, போனில் சொல்வதுபோல் சொல்கிறேன். ‘டைம்டேட்சிடிஎல்’ என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். கடைசியில் வருவது ‘கன்ட்ரோல்’ என்பதன் சுருக்கமான சி, டி, எல். ஒரு இடைவெளி. அடுத்து ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’, நடுவே இரண்டு சிறு கோடுகளோடு. இன்னொரு இடைவெளி, அப்புறம் எண் 1. என்டர். பிறகு ஒருமுறை விண்டோஸுக்குப் போய் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பின்னாளில் லினக்ஸ் இதைப் பற்றி எச்சரிக்கை காட்டினால் பொருட்படுத்த வேண்டாம்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். மின்டிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் காரணம் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர் உபுண்டுவில் பட்டியலில் வருகிறது, பிரிண்ட் கொடுத்தால் அசைவதில்லை. நாளை ஃபைலிங் இருக்கிறது.
– மதுரை

நாளைய ஃபைலிங்கை பிடிஎஃப் ஆக்கிப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நிதானமாக இதைச் செய்யலாம்.

1020 நம் ஊர் ஆபீஸ்களில் சாகாவரம் பெற்ற பிரிண்டர், ஆனால் அதற்குச் சொந்த மூளை இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் அதற்கு ஃபர்ம்வேரை (பிரிண்டரை இயக்கும் உள் நிரலை) அனுப்ப வேண்டும். அந்த ஃபர்ம்வேர் ஹெச்பியின் தனியுரிமை என்பதால் உபுண்டுவோடு சேர்ந்து வராது, பிளக்இன் என்று தனியாக இறக்க வேண்டும். ‘ஹெச்பிலிப்-ஜியூஐ’ என்ற பேக்கேஜைப் போடுங்கள். மெனுவில் ‘ஹெச்பிலிப் டூல்பாக்ஸ்’ வரும். பிரிண்டரை இணைத்து ஆன் செய்து அதைத் திறந்தால் பிளக்இன் போடச் சொல்லி அதுவே கேட்கும். நெட் இருக்கட்டும். ஹெச்பிலிப் பதிப்பும் பிளக்இன் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் பின்னாளில் உபுண்டுவின் அடுத்த பதிப்புக்கு மாறினால் பிளக்இன்னைத் திரும்பப் போட வேண்டிவரும்.

புதிதாகப் பிரிண்டர் வாங்குபவர்களுக்கு: சமீபத்திய வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் லினக்ஸில் தானாக வந்து நிற்கின்றன. கேனன் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள் லினக்ஸ் போடும் முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது, அதற்கான டிரைவர் கொஞ்சம் வம்பு.

கேள்வி: எதை இன்ஸ்டால் செய்தாலும் ‘குட் நாட் கெட் லாக்’ என்று எர்ரர். லாக் ஃபைலை டெலிட் செய்யச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன். செய்யட்டுமா?
– பொறியியல் மாணவர், கோவை

செய்யாதே தம்பி. உபுண்டு திறந்த கொஞ்ச நேரத்தில் பாதுகாப்பு அப்டேட்கள் பின்னணியில் தாமாக ஓடும். ஒரே சமயத்தில் இரண்டு பேர் பேக்கேஜ் கணக்கில் கை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. பாதியில் உடைத்தால் கணக்கு குழம்பும், அதைச் சரிசெய்வது எர்ரரைவிடப் பெரிய வேலை. டீ குடித்துவிட்டு வந்து பார். அப்போதும் விடவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்.

கேள்வி: சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே நிரல் ‘சிஸ்டம் பேக்கேஜ்’ என்றும் ‘ஃபிளாட்பேக்’ என்றும் இரண்டு விதமாக வருகிறது. எது?
– திண்டுக்கல்

முதலில் சிஸ்டம் பேக்கேஜ். சின்னதாக இருக்கும், அப்டேட் மேனேஜரோடு சேர்ந்து வளரும். அதன் பதிப்பு உங்களுக்குப் பழையதாகப் பட்டால் ஃபிளாட்பேக். முதல் ஃபிளாட்பேக் போடும்போது அடித்தளமும் சேர்ந்து இறங்குவதால் ஒரு சின்ன நிரலுக்கு நூற்றுக்கணக்கான எம்பி கேட்கும், அடுத்தவற்றுக்கு அவ்வளவு ஆகாது. மின்ட் 22-இல், நிரலை எழுதியவரே போட்டது என்று உறுதி செய்யப்படாத ஃபிளாட்பேக்குகளை மறைத்தே வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு, அதை மாற்றாதீர்கள். குரோம் வேண்டுமென்றால் கூகுளின் தளத்திலிருந்து டெப் ஃபைலை எடுத்து டபுள் கிளிக் செய்யுங்கள். அது தன்னைத்தானே அப்டேட் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: துணிக்கடைக் கணக்கு முழுக்க டேலியில். மின்டில் டேலி ஓட வைக்க வழி சொல்லுங்கள்.
– ஈரோடு

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டப் பார்க்கும் வைன் மூலம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில் அது நின்றால் அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். டேலிக்கு விண்டோஸ் 11 உள்ள ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் மெயில், பில்லிங் ஷீட், வாட்ஸ்ஆப் வெப் எல்லாம் மின்டில் தாராளமாக நடக்கும்.

கேள்வி: அரசு கொடுத்த பழைய லேப்டாப், 4 ஜிபி ராம். மின்ட் போட்டும் திணறுகிறது. முதலில் எதை மாற்றுவது?
– அரியலூர்

அந்தத் திட்டத்தின் லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ! உங்கள் கையில் இருப்பது ஏற்கெனவே லினக்ஸ் பார்த்த எந்திரம்தான்.

முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள். வேறு எதை மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் தெரியாது. கூடவே, மின்டின் சினமன் பதிப்பைப் போட்டிருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு மாறுங்கள், அது லேசானது. ‘ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்’ திறந்து வேண்டாதவற்றை அணையுங்கள். 4 ஜிபி மின்டுக்குப் போதும். நீங்கள் திறந்து வைத்திருக்கும் இருபது பிரவுசர் டேபுக்குத்தான் போதாது. மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து இன்னொரு 4 ஜிபி சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: டெஸ்க்டாப்பை மேக் மாதிரி மாற்றலாமா அக்கா?
– +2 மாணவன், வேலூர்

மாற்றலாம். ஸ்னாப்ஷாட் எடுத்தாயா?

கேள்வி: உபுண்டு டெர்மினல் பாஸ்வேர்டு கேட்கிறது, அடித்தால் எழுத்தே விழவில்லை. கீபோர்டு பழுதா?
– தஞ்சாவூர்

விழுகிறது, காட்டவில்லை. பாஸ்வேர்டு எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நட்சத்திரம்கூடப் போடுவதில்லை. தைரியமாக அடித்து என்டர் கொடுங்கள். நம்பர் லாக், கேப்ஸ் லாக் இரண்டையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புபவர்களுக்கு: ‘சவுண்டு வரவில்லை’ என்று ஒரே வரி எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். மின்ட் 22 மெனுவில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ (22.3-இல் இதன் பெயர் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’) திறந்து, அதில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் உள்ள ‘காப்பி’ பொத்தானை அமுக்கி, வருவதை அப்படியே மெயிலில் ஒட்டி அனுப்புங்கள். தபாலில் எழுதுபவர்கள் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையாவது எழுதுங்கள். சீரியல் நம்பர் வேண்டாம்.